இளம் வேட்டை நாய்க்கு முதல் களம் எது? ஹண்ட் டெஸ்ட், டெர்பி, இயல்புத்திறன் தேர்வு, வொர்க்கிங் டெஸ்ட்

எட்டு மாதக் குட்டி. எறிந்ததை ஓடிப்போய் எடுத்து வருகிறது, தண்ணீரைப் பார்த்தால் தயங்குவதில்லை, வெடிச் சத்தத்துக்கு மிரளவில்லை. இதைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டால், இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஹண்ட் டெஸ்ட்டில் ஆரம்பி என்பார் ஒருவர். அது வெறும் பாஸ் மார்க் சமாசாரம், நேராக டெர்பிக்கு வா என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இயல்புத்திறன் தேர்வுதான் என்று அடித்துச் சொல்வார். பிரிட்டனில் நாய் பழக்கியவரோ, இப்போதைக்கு டம்மி (பறவைக்குப் பதிலாக வீசும் பொம்மை) போதும், பறவையெல்லாம் அப்புறம் என்பார்.

யார் சொல்வதும் தப்பில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது வயதுக் கணக்கு. இந்த நான்கில் சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. எது உங்கள் நாய்க்காகக் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போட்டியா, பரீட்சையா

பீல்ட் ட்ரையல் என்பது போட்டி. நாய்க்கு நாய் மோதல். முதல் நான்கு இடங்கள் போக, மற்றவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். 1865-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற இடத்தில், பறவையைக் கண்டு நின்று காட்டும் பாய்ண்டர், செட்டர் நாய்களை வைத்து நடந்ததைத்தான் முதல் பீல்ட் ட்ரையல் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1874-ல் மெம்பிஸ் நகரில் தொடங்கியது.

ஹண்ட் டெஸ்ட் பரீட்சை. எழுதிவைத்த அளவுகோல் ஒன்று இருக்கும், அதை எட்டினால் தேர்ச்சி. வந்த இருபது நாயும் எட்டினால் இருபதுக்கும் ரிப்பன், ஒன்றும் எட்டாவிட்டால் ஒன்றுக்கும் இல்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் (ஏகேசி), சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் ரெட்ரீவர் நாய்களுக்கு இதை 1985-ல்தான் கொண்டுவந்தது. ட்ரையல்கள் சாதாரண வேட்டைக்காரரின் தேவையை விட்டு வெகுதூரம் போய்விட்டன என்ற மனக்குறைதான் இதற்குப் பின்னணி. இரண்டு களத்துக்கும் ஒருமுறை போய்வந்தால் வித்தியாசம் கண்ணிலேயே படும். ட்ரையலில் தூரத்தில் நின்று பறவை வீசுகிறவர்கள், நாய்க்குத் தெரியட்டும் என்று வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார்கள். ஹண்ட் டெஸ்ட்டில் அதே ஆட்கள் புதரோடு புதராக மறைந்திருப்பார்கள், நாயைக் கொண்டுவருபவரும் மங்கல் நிற உடையில்தான் வருவார்.

ஜூனியர் ஹண்டர்: காத்திருக்கும் களம்

ஆறு மாதம் நிறைந்தால் சேர்க்கலாம். உச்ச வயது கிடையாது. ரெட்ரீவருக்கான ஜூனியர் நிலையில் தரையில் இரண்டு, தண்ணீரில் இரண்டு என நான்கு பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துவர வேண்டும். தூரம் பொதுவாக 100 கஜத்துக்குள். விழுந்த இடத்தைக் குறிவைத்துப் போகும் திறன், பாணி, விடாமுயற்சி, பழக்கத்துக்கு வசப்படும் தன்மை ஆகிய நான்கையும் பத்துக்கு மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் சராசரி 5-க்குக் குறையக் கூடாது, மொத்தச் சராசரி 7-க்குக் குறையக் கூடாது. இப்படி நான்கு முறை தேறினால் ஜூனியர் ஹண்டர் பட்டம்.

களத்தில் நடப்பது இதுதான். மறைவுத் தட்டிக்குப் பின்னால் உங்கள் முறைக்காக நிற்கிறீர்கள். முன்னால் போன நாய்க்கான வெடிச் சத்தம் கேட்டு உங்கள் குட்டி முனகுகிறது, முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி வைக்கிறது. கூப்பிட்டதும் லைனுக்கு, அதாவது நாயை அனுப்பும் இடத்துக்கு, நடக்கிறீர்கள். இந்த நிலையில் நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு, அதனால் விரல்கள் பட்டைக்குள் இருக்கின்றன. எதிரே வாத்துச் சீழ்க்கை, வெடி, பறவை வளைந்து விழுகிறது. நடுவர் உங்கள் எண்ணைச் சொன்ன பிறகுதான் விடலாம். நாய் பாய்கிறது, தேடுகிறது, எடுக்கிறது. இதுவரை முக்கால்வாசி நாய்கள் ஒழுங்காகத்தான் செய்யும்.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். நீரிலிருந்து கரையேறியதும் பறவையைக் கீழே வைத்துவிட்டு உடம்பை உதறும். அப்புறம் அதை மறந்துவிட்டு உங்களிடம் வாலாட்டிக்கொண்டு வரும். பறவை உங்கள் கைக்கு வந்து சேராவிட்டால் தேர்ச்சி இல்லை. குட்டி வீட்டில் டம்மியைச் சரியாகக் கொடுக்கிறதே என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது, ஏனென்றால் ஈரத்தோடு வந்து உதறாமல் நிற்பது தனிப் பயிற்சி. அதேபோல, டம்மி மட்டுமே கண்ட நாய் முதல் வாத்தை மோந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவருவதும் அடிக்கடி நடப்பதுதான். இறகு என்றால் என்ன என்பதைப் பரீட்சை நாளுக்கு முன்னாலேயே அது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தனியாகப் பழக்குகிறவர்கள் எல்லோருக்கும் வருவது. நீங்களே நின்று நீங்களே எறிந்து பழக்கினால், நாய் உங்கள் கையைத்தான் பார்க்கக் கற்றுக்கொள்ளும். களத்தில் பறவை எண்பது கஜத்துக்கு அப்பாலிருந்து வரும்போது அது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்தில் நின்று வீச ஒரே ஒரு ஆள் கிடைத்தால்கூடப் போதும், இது சரியாகிவிடும்.

டெர்பி: இரண்டாவது பிறந்தநாளோடு கதவு சாத்தப்படும்

ரெட்ரீவர் ட்ரையல்களில் இளம் நாய்க்கான பிரிவு டெர்பி. போட்டியின் முதல் நாளன்று நாய்க்கு இரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு பறவைகள் அடுத்தடுத்து விழும், ஒன்றை எடுத்துவந்து கொடுத்துவிட்டு மற்றதை நினைவிலிருந்து போய் எடுக்க வேண்டும். தூரமும் ஜூனியரைப் போல இருக்காது, இருநூறு கஜத்தைத் தாண்டுவது சகஜம்.

டெர்பிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒரு பலம் உண்டு. நாய் பார்க்காத பறவைக்கு விசிலும் கைச்சைகையும் காட்டி அனுப்பும் வேலை இதில் இல்லை. கண்ணும் நினைவும் காலும்தான் கேள்வி. எனவே பயிற்சி முடியாத, ஆனால் பிறவியிலேயே கூர்மையான ஒரு நாய் இங்கே மின்ன முடியும்.

ஆனால் முதல் நாயோடு முதல்முறை வருகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தூரத்தில் பழக்கப் பரந்த நிலம் வேண்டும், நீர்நிலைகள் வேண்டும், வாராவாரம் வந்து வீசிக் கொடுக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். எதிரே நிற்கிற நாய்களில் பலவற்றுக்குப் பின்னால் தொழில்முறைப் பயிற்சியாளர் இருப்பார். இவை எல்லாவற்றையும்விட, அந்தப் பிறந்தநாள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். தேதி நெருங்க நெருங்க, பதினெட்டு மாதத்தில் நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைப் பதினான்கில் திணிக்கும் அவசரம் வந்துவிடும். டெர்பியில் ஜெயித்தாலும் பட்டம் கிடையாது, புள்ளிப் பட்டியலில் பெயர் வரும். பீல்ட் சாம்பியன் பட்டத்துக்கான புள்ளிகள் பெரிய நாய்களின் பிரிவுகளில்தான்.

பாய்ண்டர், செட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அவர்களின் ட்ரையல்களில் டெர்பிக்கு முன்னால் பப்பி ஸ்டேக் என்று ஒன்று உண்டு, 6 மாதம் முதல் 15 மாதத்துக்குள். இரண்டிரண்டு நாய்களாக அவிழ்த்துவிடுவார்கள். பறவையைக் கண்டு உறைந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஓட்டம், துணிச்சல், தேடும் ஆசை, ஓரளவு சொல்பேச்சு கேட்பது, அவ்வளவுதான். நடுவர்கள் பெரும்பாலும் குதிரைமேல் வருவார்கள், அதனால் குதிரை வாடையே அறியாத குட்டியை முன்கூட்டியே பழக்கிவிடுவது நல்லது.

இயல்புத்திறன் தேர்வு: 16 மாதம், அதோடு சரி

1969-ல் தொடங்கிய வட அமெரிக்கப் பன்முக வேட்டைநாய்ச் சங்கம், சுருக்கமாக நாவ்டா, நடத்தும் தேர்வு இது. ஜெர்மன் ஷார்ட்ஹேர், பிரிட்டனி, விஸ்லா, வைமரனர் போன்ற, பறவையைக் கண்டு நின்று காட்டும் இனங்களுக்குத்தான் இங்கே இடம். லாப்ரடார்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நாய் தனியாக வயலில் சுமார் இருபது நிமிடம் தேடும், நடுவே வெடி வைத்து மிரள்கிறதா என்று பார்ப்பார்கள். சிறகிறகு பிடுங்கப்பட்ட ஃபெசன்ட் பறவை ஒன்று ஓடிப்போன தடத்தை மோப்பம் பிடிக்க வேண்டும். தண்ணீரில் இரண்டு முறை நீந்த வேண்டும். மூன்று நடுவர்கள் மதிப்பிடுவார்கள். உச்ச மதிப்பெண் 112. அதில் மோப்பத்துக்கு மட்டும் 24, ஒத்துழைப்புக்கு 8. இந்தப் பங்கீட்டைப் பார்த்தாலே தெரியும், இங்கே கேட்கப்படுவது நீங்கள் சொல்லிக்கொடுத்தது அல்ல, நாய் பிறவியில் கொண்டுவந்தது. மொத்தம் அதிகமிருந்தும் ஏதாவது ஒன்றில் மட்டும் சறுக்கினால் பரிசு ஒரு படி இறங்கிவிடும். நீச்சலை அசட்டை செய்கிறவர்கள் பலர் அங்கேதான் மாட்டுவார்கள்.

வரம்பு உள்ள களம் என்றாலும் டெர்பியைப் போல இது அவசரப்படுத்தாது என்பது என் கணிப்பு. தயாரிப்பு என்பதே குட்டியை வயலிலும் நீரிலும் நிறைய அலையவிடுவதும், பறவைகளைக் காட்டுவதும்தான். கடுமையான கட்டுப்பாட்டுப் பயிற்சியை முன்னால் தள்ளினால் மதிப்பெண் ஏறாது, தேடும் ஆசை குறைந்து இறங்கத்தான் செய்யும்.

பிரிட்டன் பாதை

அங்கே வொர்க்கிங் டெஸ்ட் டம்மிகளை வைத்து, பெரும்பாலும் வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களில் நடக்கிறது. இளம் நாய்க்கென்று தனி வகுப்பு உண்டு. பருவம் வந்ததும் நிஜப் பறவைகளோடு பீல்ட் ட்ரையல். அதில் இடம் கிடைப்பதே குலுக்கல் சீட்டில்தான். கிடைத்த இடத்தையும் ஒரு நொடியில் இழக்கலாம்: அனுப்புமுன் ஓடினால் வெளியே, முனகினாலோ குரைத்தாலோ வெளியே, தண்ணீருக்குள் இறங்க மறுத்தால் வெளியே. நாய் கொண்டுவந்த பறவையை நடுவர் உள்ளங்கையில் வாங்கி, விரலால் விலா எலும்பைத் தடவிப் பார்ப்பார். நொறுங்கியிருந்து, அது நாயின் பல்லால் ஆனதுதான் என்று தெரிந்தால் கதை முடிந்தது. ஒரு நாய் தேடிக் கிடைக்காத பறவையை அடுத்து வந்த நாய் எடுத்துவிட்டால், எடுத்ததற்குப் பெரிய மதிப்பு, விட்டது பெரும்பாலும் வெளியேறிவிடும்.

ஒரே குறும்பு, நாலு தீர்ப்பு

வெடி வெடித்ததும் அனுப்பும்வரை பொறுக்காமல் ஓடும் குட்டியை எடுத்துக்கொள்வோம். இயல்புத்திறன் தேர்வில் பறவை எழும்பிய பிறகு அது துரத்திக்கொண்டு ஓடினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஜூனியரில் பட்டையைப் பிடித்திருப்பதால் பிரச்சினை வெளியே தெரியாது. டெர்பியில் ஓடிப்போய் எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பிரிட்டனில் முதல் அடியிலேயே.

இதில் ஜூனியர்தான் ஏமாற்றக்கூடியது. பிடித்துப் பிடித்து விட்டே நான்கு தேர்ச்சி வாங்கிவிடலாம், ஆனால் லைன் என்றாலே திமிறும் இடம் என்று நாய் மனதில் பதிந்துபோகும். அடுத்த நிலையான சீனியரில் பிடிக்க முடியாது. பட்டம் கிடைத்த பிறகும் பொழுதுபோக்காக ஜூனியரிலேயே ஓடவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரிட்டன்காரர்களிடம் இரவல் வாங்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: பயிற்சியில் வீசுவதில் பாதியையாவது நாயை உட்காரவைத்துவிட்டு நீங்களே நடந்துபோய் எடுத்துவருவது. விழுவதெல்லாம் தனக்கில்லை என்பது குட்டிக்குச் சின்ன வயதிலேயே புரியும்.

சரி, என் தேர்வு? பாய்ண்டிங் இனம், 16 மாதம் ஆகவில்லை என்றால் முதலில் இயல்புத்திறன் தேர்வு, ஏனென்றால் மற்றவை ஓடிப்போகாது. ரெட்ரீவர், கூடப் பழக்க ஆள் குறைவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜூனியர். 100 கஜம் உங்கள் நாய்க்குத் தூக்கக்கலக்கத்தில் செய்கிற வேலை, அனுபவசாலிக் குழு ஒன்றும் உங்களைச் சேர்த்துக்கொள்கிறது என்றால் மட்டும் டெர்பி. வொர்க்கிங் டெஸ்ட் நடக்கும் இடத்தில் இருந்தால், அதை முடிக்காமல் ட்ரையல் குலுக்கலில் பெயர் கொடுப்பது வீண்.

எதுவானாலும், பெயர் கொடுக்கும் முன் நாய் இல்லாமல் ஒருநாள் போய்ப் பறவை வீசிக் கொடுங்கள். எந்தக் கிளப்பிலும் வீச ஆள் போதாது, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வீசுகிற இடத்திலிருந்து பார்த்தால் எல்லா நாயும் உங்களை நோக்கித்தான் ஓடிவரும். எது நேராக வருகிறது, எது பாதியில் காற்றுக்கு விலகுகிறது, எது முந்தைய பறவை விழுந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். பெண் நாய் என்றால் பருவச் சுழற்சியையும் கணக்கில் வையுங்கள், சூட்டில் இருக்கும் நாயை ஏகேசி ஹண்ட் டெஸ்ட்டில் இறக்க முடியாது.