கவுன்சில் வரி அழைப்பாணையா? "நீங்கள் கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை" என்பதை நம்பாதீர்கள்

லண்டனிலும் இங்கிலாந்தின் மற்ற இடங்களிலும் இருக்கிற நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். கவுன்சில் வரி (வீட்டுக்காக உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டும் வரி) பிந்திவிட்டது என்று கடிதம் வந்து, நீங்கள் ஃபோன் எடுத்து, மறுமுனையில் ஒருவர் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன், கடிதத்தை விடுங்கள்" என்று சொன்னால், அதோடு ஃபோனை வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். இரண்டு தடவை வைத்தேன். கடைசியில் பெய்லிஃப் (கடனை அறவிட வீட்டுக்கு வருகிறவர்) வந்து கதவைத் தட்டினார். வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார்.

2022 ஜூனில் அதே கவுன்சிலின் எல்லைக்குள்ளேயே வீடு மாறினோம். புது வீட்டுக்குப் புது பில் வந்தது. மார்ச் வரைக்கும் 1,512 பவுண்ஸ், ஜூலை முதல் ஜனவரி வரை ஏழு தவணை, தவணைக்கு 216. வங்கி ஆப்பில் பழைய ஸ்டாண்டிங் ஓர்டரை (மாதா மாதம் தானாகக் காசு போகும் ஏற்பாட்டை) திறந்து தொகையை 216 என்று மாற்றினேன். கணக்கு இலக்கத்தை மாற்றவில்லை. ஒரே கவுன்சில், ஒரே பெயர் என்றாலும், வீடு மாறினால் கவுன்சில் வரிக் கணக்கு இலக்கமும் மாறிவிடும். எனக்கு அது தெரியாது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். காசு மாதா மாதம் ஒழுங்காகப் போனது. போய், மூடப்பட்ட பழைய கணக்கில் கிடந்தது.

ஓகஸ்ட்டில் நினைவூட்டல் கடிதம் வந்தது. அன்றைக்கே எடுத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்தார், நல்ல தன்மையாகக் கதைத்தார். "உங்கள் காசு பழைய கணக்கில் இருப்பது எனக்குத் தெரிகிறது. புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்." பெரிய நிம்மதி. அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதி ஒரு ஈமெயில்கூட அனுப்பவில்லை. ஸ்டாண்டிங் ஓர்டரில் இலக்கத்தை மாற்றும்படி அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒக்டோபரில் அழைப்பாணை வந்தது. அம்மாதான் கடித உறையைப் பிரித்துக் கொண்டுவந்து "இது என்ன பிள்ளை?" என்று நீட்டினார். நான் வாய்தவறி "கோர்ட் அழைப்பாணை" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊரில் அழைப்பாணைக்குப் போகாவிட்டால் அடுத்தது பிடியாணைதானே. பொலிஸ் வருமா என்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொலிஸ் வராது. இதை முதலில் வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இது குற்ற வழக்கு அல்ல. நினைவூட்டல் வந்து ஏழு நாளைக்குள் கட்டாவிட்டால், இன்னும் ஏழு நாள் கழித்துத் தவணையாகக் கட்டும் உரிமை போய்விடும். முழு வருடத் தொகையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் மஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை. அந்தக் கடிதத்தை அச்சடித்து அனுப்புவதே பெரும்பாலும் கவுன்சில்தான். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரின் பெயர்களை ஒரு பட்டியலாகக் கொண்டுபோய் 'லயபிலிட்டி ஓர்டர்', அதாவது இந்தக் கடனை நீங்கள் கட்ட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு, கேட்பார்கள். அது கிடைத்துவிட்டால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கலாம், பெனிஃபிட்டில் (அரசு உதவித்தொகையில்) பிடிக்கலாம், பெய்லிஃபுக்குக் கொடுக்கலாம்.

எனக்கு வந்த அழைப்பாணையில் 1,512 பவுண்ஸுக்கு மேல் 95 பவுண்ஸ் செலவு என்று போட்டிருந்தார்கள். நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு ஓர்டருக்கும் கவுன்சில் கட்டும் கட்டணம் வெறும் 50 பென்ஸ். மிச்சமெல்லாம் தங்கள் அலுவலகச் செலவு என்கிறார்கள். அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. போல் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற பாதிரியார் வட லண்டனில் தன்னிடம் கேட்ட 125 பவுண்ஸ் செலவை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று போதிய விபரம் இல்லாமல் மஜிஸ்திரேட்டுகள் ஓர்டர் கொடுத்தது சட்டப்படி சரியில்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. அந்த மனிதருக்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, நான் திரும்பவும் ஃபோன் எடுத்தேன். இந்தத் தடவை ஒரு ஆண். அவருக்கும் பழைய கணக்கில் நான்கு மாதக் காசு, 864 பவுண்ஸ், தெரிந்தது. "இது சின்ன விஷயம். காசை மாற்றிவிடுகிறோம். மிச்சத்தை மாதா மாதம் கட்டுங்கள். நீங்கள் கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை" என்றார். வேலைக்கு லீவு எடுக்கத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். "வரத் தேவையில்லை" என்றால் வழக்கை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. ஃபோனில் தவணை பேசிக்கொண்டாலும் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போய் ஓர்டரை வாங்கிவிடலாம். நீங்கள் போகாவிட்டால் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை. காசில்லை, கஷ்டம் என்பதை அங்கே ஒரு காரணமாக எடுக்க மாட்டார்கள். ஆனால் கட்டிவிட்டேன், அந்த வரிக்கு நான் பொறுப்பில்லை, முறையாக பில் அனுப்பவில்லை என்பவை காரணங்கள்தான். என்னிடம் நல்ல காரணம் இருந்தது. வங்கி ஸ்டேட்மென்ட் கையில் இருந்தது. நான் போகவில்லை. 1,607 பவுண்ஸுக்கும் ஓர்டர் போட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் ஒரு பெய்லிஃப் கம்பனியிடமிருந்து கடிதம், 75 பவுண்ஸ் கூட்டி. கவுன்சிலுக்கு எடுத்தால் "அது இப்போது எங்கள் கையில் இல்லை, அவர்களோடு கதையுங்கள்" என்றார்கள். கம்பனிக்கு எடுத்தால் "கவுன்சில் சொன்னால்தான் நிறுத்துவோம்" என்றார்கள். ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழரைக்கு நான் ரயிலில் இருக்கும்போது அம்மா ஃபோன் எடுத்தார். குரலே வரவில்லை. குசினியில் லைட்டை அணைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தாராம். கதவைத் தட்டும் சத்தம் எனக்கே ஃபோனில் கேட்டது. யாழ்ப்பாணத்தில் விடிய முன்னம் கதவு தட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்று பார்த்த மனுசி அவர். "திறக்காதீர்கள் அம்மா" என்று மட்டும் சொன்னேன். வந்தவர் கடிதத் துவாரத்தால் ஒரு தாளைப் போட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வருகைக்கு இன்னும் 235 பவுண்ஸும் சில்லறையும்.

திறக்காதது சரி. கவுன்சில் வரிக்காக முதல் தடவை வரும் பெய்லிஃப் கதவை உடைத்தோ உங்களைத் தள்ளிக்கொண்டோ உள்ளே வர முடியாது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் பொதுவாக வர முடியாது. காரை வாசலில் விடாதீர்கள், கடனுக்குப் பிடிக்க அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆலோசனை தரும் தொண்டு நிறுவனமான சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போனேன். இலவசம். முதலே போயிருக்க வேண்டும். அழைப்பாணையைக் கொண்டுபோனால் 80, 100 பவுண்ஸ் வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித் தருகிறவர்கள் நம் கடைத்தெருக்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸில் இருந்த அக்கா இரண்டு வேலை செய்யச் சொன்னார். ஒன்று, கவுன்சிலுக்கு எழுத்தில் முறைப்பாடு. மற்றது, என்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளையெல்லாம் கேட்டு ஒரு விண்ணப்பம். அதற்குக் காசு இல்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

பதிவு வந்தது. பதினொரு பக்கம். ஓகஸ்ட் மாத ஃபோன் குறிப்பு அதில் அப்படியே இருந்தது: காசு பிழையான கணக்கில், மாற்றக் கோரப்பட்டது, கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கூறப்பட்டது. ஒக்டோபர் குறிப்பும் இருந்தது. மாற்றும் கோரிக்கை ஓகஸ்ட்டிலிருந்து யாரும் தொடாமல் வரிசையில் கிடந்திருக்கிறது. என் கை நடுங்கியது. அவர்களுடைய சொந்தக் கணினியில் எல்லாமே எழுதியிருக்க, என் அம்மா இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தாள்களை இணைத்து இரண்டாவது தடவை எழுதினேன். ஓர்டர் போட்டிருக்கக் கூடாது என்று கவுன்சிலே கருதினால், அதை ரத்துச் செய்யச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டுக் கேட்டேன். 2023 மே மாதம் ரத்தானது. 95, 75, 235 எல்லாவற்றையும் நீக்கினார்கள். மன்னிப்புக் கடிதம் மூன்று வரி. அம்மாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உங்களிடம் இப்போது அழைப்பாணை இருந்தால் விசாரணைத் திகதியைப் பாருங்கள். ஃபோனில் கதைத்தால் பெயர், நேரம் இரண்டையும் குறித்து, சொன்னதை அன்றைக்கே ஈமெயிலில் அனுப்புங்கள். வழக்கை மீளப் பெற்றுவிட்டோம் என்று எழுத்தில் வராத வரைக்கும் நீதிமன்றத்துக்குப் போங்கள். நான் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் யாருக்காவது உதவும் என்றால் கேளுங்கள், பெயர் விபரங்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.