45 ஸ்லாட்டி குடுத்து வாங்கின 'காசு யூதர்' மர பொம்மை: ஒரு வருஷம் வச்சிருந்துட்டு எழுதுற ரிவ்யூ

போன வருஷம் போலந்துல கிராகோவ் வந்து செட்டில் ஆன புதுசுல, ஊருக்கு அனுப்ப ஏதாச்சும் வாங்கலாம்னு பழைய டவுன் பக்கம் போனப்ப ஒரு சூவனிர் கடைல இத பாத்தேன். உள்ளங்கை அளவு மர பொம்மை, கறுப்பு கோட்டு, கறுப்பு தொப்பி, தாடி, காது பக்கம் ரெண்டு சுருள் முடி, நீட்டுன கைல நிஜமான 1 குரோஷ் காசு ஒட்டி வச்சிருக்கு. குரோஷ்னா இங்க நம்ம பைசா மாதிரி, 100 குரோஷ் சேந்தா 1 ஸ்லாட்டி. கடைக்காரம்மா "நா ஷ்சென்ஷ்சியே"ன்னு சிரிச்சாங்க, அதிர்ஷ்டத்துக்குன்னு அர்த்தம். விலை 45 ஸ்லாட்டி. சத்தியமா எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது கொலுல வைக்கிற செட்டியார் பொம்மை தான், அட அதே மாதிரி இருக்கேன்னு ரெண்டு வாங்கிட்டேன். அது அதே மாதிரி இல்லன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அதனால தான் இந்த ரிவ்யூ இவ்ளோ லேட்டு, இவ்ளோ நீளம்.

முதல்ல பொருள பத்தி சொல்லிடுறேன். செதுக்குன விதம் நல்லாவே இருக்கு, முகத்துல ஒரு களைப்பு தெரியுது, மெஷின்ல அடிச்சது இல்ல. பெயின்ட் சுமார். பேஸ் கொஞ்சம் கோணல், ஷெல்ஃப்ல வச்சா பின்னால சாயும். காசு ஒட்டுன பசை மகா மட்டம், மூணாவது வாரமே ஒரு பொம்மைல காசு விழுந்துடுச்சு. கடைக்கு எடுத்துட்டு போனா ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா வேற காசு ஒட்டிக்கோங்கன்னாங்க. 1 குரோஷுக்கு போய் சண்டை போட முடியுமா, வந்துட்டேன்.

இது வெறும் பொம்மையா மட்டும் இல்ல, படமாவும் வருது, வயசான யூதர் ஒருத்தர் மேஜைல உக்காந்து காசு எண்ற மாதிரி. இங்க நிறைய வீட்டுல, கடைல மாட்டி வச்சிருக்காங்க. அதுக்குன்னு யூசர் மேனுவலே இருக்கு: வாசக்கதவு பக்கத்துல இடது பக்கம் மாட்டணும், சனிக்கிழமை ஆனா தலைகீழா திருப்பணும், வாரம் முழுக்க அவர் சேத்த காசு வீட்டுக்குள்ள கொட்டுமாம். சனிக்கிழமை யூதர்களுக்கு சபாத், ஓய்வு நாள், காசையே தொடக்கூடாத நாள். அந்த நாள்ல ஆள தலைகீழா புடிச்சு உலுக்குறது. இத எனக்கு சொன்ன ஆபீஸ் ஃப்ரெண்டு ரொம்ப சாதாரணமா தான் சொன்னாரு, எங்கம்மா வீட்டு ஹால்ல இருக்கு, எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல, பாசத்துல தான் மாட்டிருக்கோம்னு. அவர் பொய் சொல்லலன்னு இப்பவும் நம்புறேன். ஆனா அதே டீம்ல, பாட்டி யூதர்னு பெரியவளான பிறகு தான் தெரிஞ்சுகிட்ட ஒரு பொண்ணு இருக்கு, என் டெஸ்க்ல இந்த பொம்மைய பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பி சுவத்த பாக்க வச்சிட்டு போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சேன் படிக்க.

பொம்மையோட வரலாறே சுவாரசியம். கிராகோவ்ல ஈஸ்டர் திங்கக்கிழமை எமாவுஸ்னு ஒரு திருவிழா சந்தை, அங்க பழைய காலத்துல இருந்தே யூதர் பொம்மை விப்பாங்க, ஸ்ப்ரிங் வச்சு முன்னும் பின்னும் ஆடுற மாதிரி, தொழுகைல ஆடுறாங்களே அந்த மாதிரி. காசு அதுல முக்கியம் இல்ல. கைல காசு வச்ச பொம்மை பெருகுனது கம்யூனிஸ்ட் ஆட்சி போனதுக்கு அப்புறம் தான், அதாவது ஊர்ல யூதர்களே அனேகமா இல்லாம போன பிறகு. 2013-ல இங்க எத்னோகிராஃபிக் மியூசியத்துல எரிகா லெரர்ங்கற மானுடவியல் ஆய்வாளர் இந்த பொம்மைகள வச்சே ஒரு கண்காட்சி நடத்துனாங்க. 2021-ல கிராகோவ் நகராட்சியே இது யூத வெறுப்பு சார்ந்த உருவம், சந்தைகள்ல விக்குறத நிறுத்தணும்னு வெளிப்படையா சொல்லிடுச்சு. ஆனாலும் எனக்கு கிடைச்சது பாருங்க.

சரி காசு எப்டி அவர் கைக்கு வந்துச்சு, இதான் எனக்கு பெரிய கேள்வியா இருந்துச்சு. 1264-ல கலிஷ் சாசனம்னு ஒண்ணு, போலெஸ்வாவ்னு ஒரு இளவரசர் யூதர்களுக்கு பாதுகாப்பும் உரிமையும் எழுதி குடுத்தாரு. அப்புறம் கசிமிர் ராஜா 1334-ல அத உறுதிப்படுத்தி விரிவாக்குனாரு. மேற்கு ஐரோப்பால அடிச்சு துரத்துன காலத்துல இங்க வந்து குடியேறுனாங்க, அதனால யூதர்கள் மத்தில ஒரு அழகான கதை உண்டு, போலந்துக்கு ஹீப்ரூல போலின்னு பேரு, 'போ லின்'னு பிரிச்சா 'இங்க தங்கு'ன்னு அர்த்தம் வரும், வானத்துல இருந்து அப்டி ஒரு குரல் கேட்டுச்சாம். கிராகோவ்ல 16-ம் நூற்றாண்டுல இருந்த பெரிய மத அறிஞர் ரெமா, மோஷே இஸ்ஸெர்லெஸ், ஜெர்மனி பக்கத்த விட இங்க காஞ்ச ரொட்டி தின்னாலும் நிம்மதின்னு தன் மாணவனுக்கு எழுதிருக்காரு. அப்போ யூதர் கண்ணுல போலந்து அது தான், நிம்மதியா காஞ்ச ரொட்டி.

அதே காலத்த அந்தப் பக்கம் இருந்து எப்டி பாத்தாங்க? 1606 வாக்குல லத்தீன்ல ஒரு நக்கல் பாட்டு சுத்திச்சு, போலந்து பிரபுக்களுக்கு வானுலகம், யூதர்களுக்கு சொர்க்கம், நகரத்தாருக்கு பாவம் கழியுற இடம், குடியானவனுக்கு நரகம்னு. இப்போ அந்த யூதர் சொர்க்கம்ங்கற பேர பெருமையா சொல்றாங்க, ஆனா எழுதுனவன் வயித்தெரிச்சல்ல எழுதுனது. ஒரே வரி, ஒருத்தனுக்கு சர்டிஃபிகேட், இன்னொருத்தனுக்கு வசவு.

இங்க தான் காசு வருது. பிரபுக்கு நிலம் இருக்கு, உக்காந்து கணக்கு பாக்க மனசில்ல, அதனால ஆலை, சாராயக்கடை, சில இடத்துல கிராமம் மொத்தத்தையும் யூதர்கிட்ட குத்தகைக்கு விட்டாரு, அரெண்டான்னு பேரு. அந்த ஜமீன்ல குடியானவன் பிரபுவோட சாராயத்த தான் வாங்கணும், வேற வழி இல்ல. பிரபு அரண்மனைல இருப்பாரு, கண்ணுக்கு தெரிய மாட்டாரு. கல்லால உக்காந்து கடன் நோட்டு எழுதுறது யூதர். குடிச்சு கெட்டவன் யார திட்டுவான்? குத்தகை கட்ட முடியலன்னா பிரபு யூதர குடும்பத்தோட அடைச்சு வைப்பாரு, அது குடியானவனுக்கு தெரியாது, தெரிஞ்சாலும் கவலை இல்ல. 1648-ல உக்ரைன்ல க்மெல்னிட்ஸ்கி தலைமைல கொசாக்குகளும் குடியானவங்களும் கிளம்புனப்ப போலிஷ் பிரபுக்களோட சேத்து யூதர்களையும் ஆயிரக்கணக்குல கொன்னாங்க. ஆக என் பொம்மை கைல இருக்குற அந்த 1 குரோஷ் உண்மைல பிரபுவோட காசு. பிரபு பொம்மை எந்த கடைலயும் நான் பாக்கல.

யூதர்கள் பக்கம் மட்டும் எல்லாரும் சமம்னு பாத்தாங்கன்னு நினைக்காதீங்க. யூதர்கள் பேசுன இத்திஷ் மொழில பிரபுக்கு 'பொரெட்ஸ்'னு பேரு, பயப்படவும் வேண்டியவன், முட்டாள்தனமா செலவழிக்கிறவன்னு கதை கதையா இருக்கு, குடியானவன குடிகாரன், படிக்காதவன்னு தான் பாத்தாங்க. பக்கத்து பக்கத்து வீடு, சந்தைல தினம் பேச்சு, ஆனா கல்யாணம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பண்டிகை வேற, மொழி வேற. ஒருத்தர ஒருத்தர் 600, 700 வருஷம் கதவிடுக்கு வழியா பாத்துகிட்டாங்கன்னு வச்சுக்கோங்க. நல்ல பக்கமும் உண்டு, 1794-ல கொஷ்ச்சியுஷ்கோ எழுச்சில பெரெக் யோசெலெவிச்னு ஒரு யூதர் தனியா யூத குதிரைப்படை திரட்டி போலந்துக்காக ரஷ்யாவ எதுத்து சண்ட போட்டாரு.

1918-ல போலந்து சுதந்திரம் வாங்குன பிறகு யூதர்கள் கிட்டத்தட்ட 10 சதவீதம், 1930கள் கடைசில 33 லட்சம் பேர், வார்சாவுல மூணுல ஒருத்தர். அப்போ தான் 'காசு' அரசியல் ஆச்சு. யூதர் கடைல வாங்காதேன்னு பாய்காட், 1936-ல பிரதமரே பார்லிமென்ட்ல பொருளாதார போராட்டம்னா தாராளமா பண்ணுங்க, அடிதடி மட்டும் வேண்டாம்னு பேசுனாரு. 1937-ல யுனிவர்சிட்டில யூத பசங்களுக்கு தனி பெஞ்ச், கெட்டோ பெஞ்ச்னே பேரு, நிறைய பசங்க உக்கார மாட்டோம்னு பாடம் முழுக்க நின்னுகிட்டே கேட்டாங்க. ஆதரவா கூட நின்ன போலிஷ் பேராசிரியர்களும் இருந்தாங்க.

அடுத்தது எல்லாருக்கும் தெரியும், நாஜிக்கள் வந்தாங்க, 30 லட்சம் போலந்து யூதர்கள கொன்னாங்க. யூதர் அல்லாத போலந்துக்காரங்களும் லட்சக்கணக்குல செத்தாங்க, இதுல தான் இன்னைக்கு வரைக்கும் சிக்கல். போலந்துக்காரங்க சொல்றது: யூதருக்கு ஒரு ரொட்டி குடுத்தா கூட மரண தண்டனைன்னு சட்டம் இருந்த இடம் இது, ஆனாலும் இஸ்ரேல்ல இருக்குற யூதப் படுகொலை நினைவகம் யாட் வாஷெம் கௌரவிச்ச காப்பாத்துனவங்க பட்டியல்ல எந்த நாட்ட விடவும் நாங்க தான் அதிகம், 7,000-க்கு மேல. நிஜம். மார்கோவா கிராமத்துல உல்மா குடும்பம் 8 யூதர்கள மறைச்சு வச்சாங்க, 1944 மார்ச்சுல ஜெர்மன் போலீஸ் வந்து மறைஞ்சிருந்தவங்க, அப்பா, வயித்துல புள்ளையோட அம்மா, 6 குழந்தைங்க எல்லாரையும் சுட்டுச்சு. யூதர்கள் சொல்றது: 1941 ஜூலை 10, யெட்வாப்னே, ஜெர்மன்காரங்க தூண்டுதல்ல பக்கத்து வீட்டு போலிஷ்காரங்களே யூதர்கள ஒரு களஞ்சியத்துல அடைச்சு கொளுத்துனாங்க, அரசு விசாரணைலயே குறைஞ்சது 340 பேர். இதுவும் நிஜம். போர் முடிஞ்சு 1946 ஜூலை 4, கியெல்ட்செல ஒரு பையன யூதர்கள் கடத்திட்டாங்கன்னு வதந்தி, தப்பிச்சு வந்தவங்கள்லயே 42 பேர் கொலை. பையன் உண்மைல ஒரு கிராமத்துக்கு போயிருந்தான், அவ்ளோ தான். அதுக்கப்புறம் மூட்டை கட்டுனவங்க ஏராளம். மிச்சம் இருந்தவங்கள 1968-ல கம்யூனிஸ்ட் அரசு 'சியோனிஸ்ட்'னு, அதாவது இஸ்ரேல் ஆதரவாளர்னு முத்திரை குத்தி விரட்டுச்சு, 13,000 பேருக்கு மேல, குடியுரிமைய புடுங்கிட்டு ஒரு வழி பயணத்துக்கான பேப்பர் மட்டும் குடுத்து.

அந்த மூட்டையோட போன பார்வை என்ன தெரியுமா, 'போலந்துக்காரன் தாய்ப்பால்லயே யூத வெறுப்ப குடிச்சவன்'. 1989-ல இஸ்ரேல் பிரதமர் ஷமீர் சொன்னது, 2019-ல அவங்க வெளியுறவு அமைச்சர் அத திருப்பி சொல்லப்போய் போலந்து ஜெருசலேம்ல நடக்க இருந்த மாநாட்டுக்கே போகல. எனக்கு கோவம் வந்துச்சு அத படிச்சப்ப, உல்மா குடும்பத்த எந்த பால் கணக்குல சேப்பீங்க? போலந்து மட்டும் என்ன, 2018-ல நாஜி குற்றத்துக்கு போலந்து தேசத்த பொறுப்பாக்குனா 3 வருஷம் வரை ஜெயில்னு சட்டம் போட்டு, உலகம் கத்துனதும் சில மாசத்துல ஜெயில எடுத்தாங்க.

இப்ப பொம்மைக்கு வர்றேன். கிராகோவோட பழைய யூதர் பகுதியான கசிமியெஷ் ஏரியால ஒரு நாள் இஸ்ரேல்ல இருந்து வந்த ஒரு தாத்தா இதே பொம்மைய கைல வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. கோவமா இருப்பாருன்னு நினைச்சேன். எங்க தாத்தா சாகும்போது ஒத்த காசு இல்லாத தையல்காரர், இவர்கிட்டயாவது ஒண்ணு இருக்கேன்னு சொல்லி சிரிச்சிட்டு, பேரம் பேசி ஒண்ணு வாங்கிட்டு போனாரு. ஏன் வாங்குனாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு புரியல.

ரேட்டிங்: வேலைப்பாடு 5-க்கு 3.5, பசை 0. பரிசா குடுக்கலாமான்னா வேண்டாம், யூத நண்பர்களுக்கு மட்டும் இல்ல, யாருக்கும் வேண்டாம். அதிர்ஷ்டம்? வாங்குன மாசம் தான் எனக்கு வாடகை ஏறுச்சு. ஊருக்கு அனுப்புறதா இருந்தத அனுப்பல, ரெண்டும் இங்கயே இருக்கு. காசு விழுந்தவர் தான் இப்ப டெஸ்க்ல நிக்கிறாரு, அந்த பொண்ணு வந்து இவர திருப்பி வைக்கல. காசு உள்ளவர் டிராயர்ல.

கசிமியெஷ் வர்றவங்களுக்கு ஒரு டிப்ஸ்: கடைக்கு போறதுக்கு முன்னாடி ஷெரோகா தெருல ரெமா ஜெபாலயமும் அது பின்னாடி கல்லறைத் தோட்டமும் பாத்துடுங்க, தொப்பி எடுத்துட்டு போங்க, ஆம்பளைங்க தலைய மூடணும். சனிக்கிழமை போகாதீங்க, மூடியிருக்கும். வார்சா போனா முரானுவ் பக்கம் போலின் மியூசியம், 1000 வருஷ கதை மொத்தமும் இருக்கு, அரை நாள் பத்தாது, உள்ள க்வோஜ்ஜியெட்ஸ் மர ஜெபாலயத்தோட கூரைய அப்டியே திரும்ப கட்டி வண்ணம் தீட்டி வச்சிருக்காங்க, அதுக்கு கீழ கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்னேன்.