ஸ்பின் ஆகவில்லை என்றதும் ‘போர்டு போச்சு’ என்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகவில்லை என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஒரு கொண்டை ஊசியால் வந்த கோளாறுக்கு, புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து நாங்கள் ஏமாந்திருக்கிறோம். பணம் திரும்பி வரவில்லை.

எங்களுடையது முன்பக்கம் கதவு திறக்கும் ஃப்ரன்ட் லோடு மெஷின். ஆறு வருடமாக ஓடுகிறது. மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். விரிப்பும் போர்வையும் தினமும் இரண்டு தடவையாவது துவைத்தாக வேண்டும். ஒரு நாள் மெஷின் நின்றால் வீடே நின்றுபோகும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் இவர்களிடம் மாட்டுகிறார்கள்.

அன்று காலை துவைத்தது, அலசியது, கடைசி ஸ்பின்னுக்கு வந்தது. டிரம் மெல்ல இரண்டு சுற்று சுற்றி நின்றது. மறுபடி மெல்லச் சுற்றி நின்றது. ஒன்பது நிமிடம் பாக்கி என்று காட்டியது அப்படியே இருந்தது. கீழே எங்கோ ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் மட்டும் விடாமல் கேட்டது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த முனகலும் அந்தத் தண்ணீரும்தான் முழு பதில். எனக்கு அப்போது தெரியவில்லை.

கம்பெனி பெயரோடு ‘சர்வீஸ்’ என்று போட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். கம்பெனி பெயரைச் சொல்லியே பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். சீருடை, பை எல்லாம் இருந்தது. சந்தேகப்பட எதுவும் இல்லை. அந்த எண் விளம்பரமாக மேலே ஏற்றப்பட்டது என்பதும், கம்பெனிக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வந்தவர் என்ன செய்தார் என்பதைவிட என்ன செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மெஷினை ஓட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் வெளியே போகிறதா என்று கேட்கவில்லை. பின்னால் போகும் டிரெயின் பைப்பைத் தொடவில்லை. நேராக மேல்மூடியைக் கழற்றினார், மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டினார், “போர்டு போச்சு மேடம், வோல்டேஜ் ஏறி அடிச்சிருக்கு” என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்று போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். பாதிப் பணம் முன்பணம். கணவருக்கு அனுப்ப அந்தப் போர்டை ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை, ஏதோ தோன்றியது.

நான்கு நாள் கழித்து ‘புது’ போர்டோடு வந்தார். அந்த நான்கு நாளும் விரிப்புகளைக் கையால் துவைத்து, பிழிய முடியாமல் பிழிந்து காயப்போட்டதை இங்கே விவரிக்கவில்லை. போர்டை மாட்டினார். அப்புறம் “ஒரு வாளியும் பழைய துணியும் கொண்டு வாங்க மேடம்” என்றார். கொண்டுவந்து வைத்தேன். “பாத்ரூம் லைட் கொஞ்சம் மங்கலா இருக்கு, ஒரு டார்ச் கிடைக்குமா?” என்றார். தேடி எடுத்து வர இரண்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது மெஷினின் வலது கீழ் மூலையில் தரை ஈரமாக இருந்தது. வாளியில் கால்வாசி அழுக்குத் தண்ணீர். ஓட்டிக் காட்டினார். ஸ்பின் ஆனது. மீதிப் பணத்தைக் கொடுத்தேன். பழைய போர்டைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்றார்.

போர்டு மாற்ற வாளி எதற்கு? இந்தக் கேள்வி எனக்குப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் உதித்தது.

பத்தொன்பதாம் நாள் அதே முனகல், அதே தேங்கிய தண்ணீர். கூப்பிட்டால், “அது மோட்டார் பிராப்ளம், போர்டு வாரன்டில வராது” என்றார்கள். அடுத்த நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. ரசீது என்று கொடுத்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் முகவரி இல்லை. கடையின் பெயர் இல்லை. போர்டின் பார்ட் எண் இல்லை. ‘ஸ்பேர் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி, கீழே ஒரு தொகை. அவ்வளவுதான்.

இந்த முறை மெஷினோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து, அதில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் பேசினேன். மறுநாள் வந்தவர் வயதானவர். பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்டார்: “தண்ணி வெளிய போகுதாம்மா, நிக்குதா?” நிற்கிறது என்றேன். பிளக்கைப் பிடுங்கினார். கீழ் மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதை இழுத்து ஒரு தட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி வெளியே எடுத்தார். அதில் பெரிதாக எதுவும் இல்லை, நூலும் கொஞ்சம் முடியும்தான். போன முறை வந்தவர் இதைத்தான் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியவர் நிறுத்தவில்லை. டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே பம்பின் சின்ன விசிறி தெரிந்தது. அதை விரலால் தள்ளினால் விட்டுவிட்டுச் சுழல வேண்டும், காந்தம் பிடித்திழுப்பதால் அப்படித்தான் இருக்கும், அது சரி. எங்களுடையது கால் சுற்று போய் முட்டி நின்றது. மூக்குக் குறடால் துழாவி, வளைந்து கறுத்த ஒரு கொண்டை ஊசியை வெளியே எடுத்தார். என்னுடையதுதான். தலையணை உறையோடு போயிருக்க வேண்டும். விசிறியின் இதழுக்கும் சுவருக்கும் நடுவே அது செருகிக்கொண்டால் பம்ப் நின்றுவிடும், நகர்ந்து கொடுத்தால் ஓடும். அதனால்தான் பத்தொன்பது நாள் ஓடியிருக்கிறது.

அப்புறம் போர்டு கதையைச் சொன்னேன். மேல்மூடியைத் திறந்து பார்த்தார். என் போனில் இருந்த போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போர்டில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் அதே சீரியல் எண். மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டுக் கறை, போட்டோவிலும் அதே இடத்தில் அதே கறை. தூசியை மட்டும் துடைத்திருக்கிறார்கள். எங்கள் போர்டையே கழற்றிக்கொண்டு போய், நான்கு நாள் வைத்திருந்து, எங்களிடமே விற்றிருக்கிறார்கள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். விசிட்டுக்கு உரிய கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, முகவரியும் பெயரும் உள்ள ரசீது எழுதிக் கொடுத்தார்.

அவர் விளக்கிச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு. தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் போகும். தண்ணீர் ஏறினால் குழாயில் உள்ள காற்று அழுந்தும், அந்த அழுத்தத்தை வைத்து அளவு தெரியும். தண்ணீர் இறங்கிவிட்டது என்று சென்சார் சொல்லாத வரை போர்டு வேகமான ஸ்பின்னுக்கு அனுமதி கொடுக்காது. தண்ணீரோடு டிரம்மை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றவிட்டால் மெஷின் தாங்காது. ஆக, எங்கள் போர்டு கெட்டுப்போகவே இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அதனால் யாரையும் கூப்பிடும் முன் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறது என்றால் பிரச்சினை பெரும்பாலும் ஃபில்டரில், பம்பில், அல்லது பின்னால் போகும் பைப்பில். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது பைப் மடிந்துபோவது சாதாரணமாக நடக்கும். ஃபில்டரை நீங்களே திறக்கலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். ஃபில்டரை ஒரேயடியாகத் திருகிவிடாதீர்கள். தேங்கிய தண்ணீர் மொத்தமும் தரைக்கு வரும். முதலில் அந்தச் சின்னக் குழாய் வழியாக வடித்துவிடுங்கள். குழாய் இல்லாத மாடல் என்றால் தட்டை வைத்துக்கொண்டு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். உள்ளே விசிறியையும் தொட்டுப் பாருங்கள். திரும்ப மூடும்போது நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் ஒழுகும். மேல்மூடியையும் பின்பக்கத் தகட்டையும் மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். கெபாசிட்டர் உள்ள மெஷின்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தண்ணீர் முழுவதும் போயும் ஸ்பின் ஆகவில்லையா? உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒற்றைப் போர்வையோ ஒரு பெரிய டர்க்கி டவலோ தனியாகக் கிடந்தால் ஒரு பக்கமாகக் குவிந்துகொள்ளும். மெஷின் அதைப் பரப்பப் பலமுறை முயன்றுவிட்டு ஸ்பின்னைக் கைவிடும். துணியைப் பிரித்துவிட்டு, கூட இரண்டு துண்டைப் போட்டால் சரியாகிவிடும். சோப்புத்தூள் அதிகமாகி நுரை பொங்கினாலும் இதே கதைதான். துணி எதுவும் இல்லாமல் வெறும் ஸ்பின் மட்டும் வைத்துப் பாருங்கள். அது ஓடினால் போர்டு, மோட்டார் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மேலே மூடி திறக்கும் டாப் லோடு என்றால் மூடி சரியாக மூடியதைத் தெரிவிக்கும் ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பல டாப் லோடு மெஷின்களில் தண்ணீரை வெளியேற்றும் வால்வைத் திறக்கும் டிரெயின் மோட்டார்தான் துவைப்பிலிருந்து ஸ்பின்னுக்கும் மாற்றிவிடும். அது முழுதாக இழுக்காவிட்டால் ஸ்பின் வராது. பழைய ஃப்ரன்ட் லோடுகளில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துபோகும், பெல்ட் கழன்றுவிடும். இவையெல்லாம் போர்டைவிட மிகவும் மலிவான பொருட்கள். திரையில் ஏதாவது குறியீடு தெரிந்தால் மெஷினை அணைத்துவிடாமல் போட்டோ எடுத்து, கையேட்டில் அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். எல்ஜி மெஷின்களில் ‘ஓஇ’ என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, ‘யூஇ’ என்றால் துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது. மெஷினே சொல்லிவிடுகிறது.

போர்டு கெடவே கெடாது என்று சொல்லவில்லை. கெடும். ஆனால் அதைச் சொல்கிறவர் பம்பையும் மோட்டாரையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள்: விசிட் கட்டணம் எவ்வளவு, மாற்றிய பொருளை என்னிடமே கொடுப்பீர்களா, ரசீதில் பார்ட் எண் எழுதுவீர்களா? இந்தக் கேள்விகளுக்கே சிலர் போனை வைத்துவிடுவார்கள். போர்டு வீட்டை விட்டு வெளியே போகிறது என்றால் சீரியல் எண் தெரிய இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், எடுத்துப் போனதாகக் கையெழுத்து வாங்குங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். தண்ணீர், துணி, டார்ச் என்று எது கேட்டாலும் அவர் முன்னாலேயே இன்னொருவரை எடுத்துவரச் சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் தேடலில் எடுக்க வேண்டாம். கையேட்டிலும் வாரன்டி அட்டையிலும் கம்பெனியின் எண் இருக்கும். இன்றே அதைப் போனில் பதிந்துவையுங்கள். மெஷின் நின்ற பிறகு தேடினால் நிதானம் இருக்காது.

அந்த விளம்பரத்தைப் பற்றித் தேடுதளத்தில் புகார் கொடுத்தேன். இரண்டு வாரம் காணாமல் போயிருந்தது. நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். இப்போது வேறொரு கம்பெனியின் பெயரில், அதே எண், முதல் இடத்தில் வருகிறது.