ஃபார்ச்சூனருக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிட்: மாட்டி, 14 மாதம் ஓட்டி, கழற்றிய பிறகு எழுதும் ரிவ்யூ

வண்டியின் பாடியைத் தரையிலிருந்து உயர்த்துகிற லிஃப்ட் கிட்டுக்கு ரிவ்யூ என்று கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மாட்டின மறுநாள் எழுதியது. வண்டி கம்பீரமாக நிற்கிறது, போட்டோ சூப்பராக வருகிறது, அவ்வளவுதான். நான் மாட்டி 14 மாதம், 19,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, போன மாதம் கழற்றிப் போட்ட பிறகு எழுதுகிறேன். வண்டி 2017 ஃபார்ச்சூனர், 2.8 டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். மாட்டியது கோவையில் ஒரு கடையில். கடைப் பெயரும் கிட் பெயரும் வேண்டாம். இதே மாதிரி ஸ்பேசர் கிட், அதாவது சஸ்பென்ஷனில் வட்டைகளைச் செருகித் தூக்குகிற கிட், வேறு வேறு பெயரில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, நான் சொல்லப்போகிற விஷயம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மாட்டின காரணம் ஷோ காட்ட அல்ல. மாமனாருக்கு வால்பாறைப் பக்கம் சின்னக் காபித் தோட்டம் இருக்கிறது, மெயின் ரோட்டிலிருந்து கடைசி 5 கிலோமீட்டர் மண்பாதை. தென்மேற்குப் பருவமழை முடிந்து போய்ப் பார்த்தால் நடுவில் கல்லும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக இருக்கும். அடியில் இடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். கம்பெனி சொல்கிற கிரவுண்ட் கிளியரன்ஸ் 225 மில்லிமீட்டர், அதோடு இரண்டு இன்ச் சேர்ந்தால் கவலையே இல்லை என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். கிட், மாட்டுக்கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய்.

அந்தக் கணக்கிலேயே ஒரு தப்பு இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. ஃபார்ச்சூனரின் பின்பக்கம் ஒரே நீள ஆக்ஸில், நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் குண்டு. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் உயர்வது பாடிதான், ஆக்ஸில் டயரோடு சேர்ந்து அதே இடத்தில்தான் இருக்கும். அந்தக் குண்டு கல்லில் இடிப்பது ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. அதைத் தூக்க வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். என் வண்டியில் வந்தது 265/60 ஆர்18, அதை 265/65 ஆக மாற்றினால் டயரின் மொத்த உயரம் 27 மில்லிமீட்டர் கூடும், அதில் பாதி, சுமார் 13 மில்லிமீட்டர், ஆக்ஸிலுக்குக் கீழே கிடைக்கும். எனக்கு இடித்துக்கொண்டிருந்ததே பெரும்பாலும் அந்தக் குண்டுதான் என்று பிறகு அதன் அடியில் இருந்த கீறல்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சரி, தேய்மானத்துக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே அப்பர் ஆர்ம், கீழே லோயர் ஆர்ம் என்று இரண்டு கை பிடித்திருக்கும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், லோயர் ஆர்மின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் 25 மில்லிமீட்டர் வட்டை வைத்தாலே சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூக்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு எல்லை போடுவது அந்த ஸ்ட்ரட்டின் நீளம்தான். வட்டை வைத்ததும் நீளம் கூடிவிட்டது, சக்கரமும் கம்பெனி நினைத்ததைவிட அவ்வளவு தூரம் கூடுதலாகத் தொங்கும். அப்போது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற பால் ஜாயிண்ட் தன் கடைசி எல்லையில் நிற்கும், சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சாயும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைப்பாக இழுபடும். ஷாக் மாறவில்லை, ஆர்ம் மாறவில்லை, ஷாஃப்ட் மாறவில்லை. எல்லாம் பழைய சாமான், வேலை மட்டும் புதிது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். மாட்டி 7,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கும், ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, முன்னால் இடதுபக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம். நேராகப் போனால் இல்லை. அடுத்த வளைவில் மறுபடியும். மனைவி ஜன்னலை இறக்கிக் கேட்டுவிட்டு, கல் ஏதாவது மாட்டியிருக்குமோ என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது, அங்கே இருக்கிற அண்ணன் 30 வருடமாக ஜீப்பும் லாரியும் பார்க்கிறவர். சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மின் உட்புறம் சுற்றிலும் ஒரே கோடாகக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தது, ஸ்பிரிங்கிலும் அதே உயரத்தில். “இது என்னங்கண்ணா?” என்றேன். “பூட்டு கிழிஞ்சிருக்குதுங்க தம்பி, கையை வச்சுப் பாருங்க” என்றார். டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்திலும் சுற்ற வழி விடுகிற சி.வி. ஜாயிண்டை மூடுகிற ரப்பர் பூட், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். கோணம் அதிகமானதால் கீழ்ப்பக்கம் இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று உரசி, உரசின இடத்திலேயே கத்தியால் கீறின மாதிரி வாய் திறந்திருந்தது. விரலை விட்டுக் கிரீஸை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி நறநற என்றது. தோட்டத்துச் செம்மண் முழுக்க உள்ளே. அந்த மண்ணில்தான் ஜாயிண்டின் குண்டுகள் இத்தனை நாளாக அரைபட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தப் பக்க ஷாஃப்ட் மாற்ற வேண்டியதாயிற்று. வலதுபக்கம் பூட் மட்டும் வெடிக்க ஆரம்பித்திருந்தது, அதை மாற்றிப் பிழைத்தோம்.

இங்கே ஒன்று, நிறையப் பேர் தப்பாக நினைப்பது. “ரோட்டில் டூ வீல் டிரைவில்தானே ஓட்டுகிறோம், முன் ஷாஃப்ட் சும்மாதானே இருக்கும்” என்பார்கள். பழைய ஜீப்பில் ஹப்பிலேயே சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் கையால் பிரித்துவிடுகிற வசதி இருந்தது, அதில் அது உண்மை. ஃபார்ச்சூனரில் டிஃபரென்ஷியல் பக்கம்தான் இணைப்புத் துண்டாகும், ஷாஃப்ட்டுகள் இரண்டும் சக்கரத்தோடு எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கோவை டு சென்னை போனாலும் அந்தச் சாய்ந்த கோணத்திலேயே 500 கிலோமீட்டர் சுற்றும். லிஃப்டின் தேய்மானம் காட்டில் மட்டும் நடப்பதில்லை, நால்வழிச் சாலையிலும் நடக்கிறது.

அடுத்தது டயர். வண்டியைத் தூக்கியதும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் கோணம் மாறி டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்பது) மாறும், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்வது) மாறும், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறையும். கடையில் அலைன்மென்ட் செய்தார்கள், பிரிண்ட் கேட்டால் தரவில்லை. பிறகு வேறு இடத்தில் மெஷினில் ஏற்றினபோது லோயர் ஆர்மில் இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் போல்ட் ஏற்கெனவே கடைசி வரை திருப்பியிருந்தது, அதற்கு மேல் இடமே இல்லை. காஸ்டர் குறைந்ததால் 100-க்கு மேல் ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி இருக்கும், வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பாது. டயரில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவினால் வழவழ, எதிர்த்திசையில் தடவினால் அரம். உள் ஓரம் வேறு தனியாகத் தேய்ந்திருந்தது. 12,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் போயின.

கடை செய்த வேலையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் புஷ்தான். கண்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் சுற்றுகிற சாமான் இல்லை, ரப்பர் இரண்டு இரும்புக்கும் நடுவில் ஒட்டியிருக்கும், முறுக்கிக் கொடுத்துத்தான் ஆர்மை அசைய விடும். அதனால் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும், வண்டியின் முழு எடையும் மேலே இருக்க வேண்டும். என் வண்டியில் லிஃப்ட் மேலே, சக்கரம் தொங்கத் தொங்க நியூமாட்டிக் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று இறக்கிவிட்டார்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன், அப்போது எனக்கு விஷயம் தெரியாது. கீழே இறக்கின நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 15,000-ல் அப்பர் ஆர்ம் புஷ் கிழிந்து, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ‘கிர்ர்ரீச்’. இது கிட்டின் குறை இல்லை, முழுக்க வேலைக் குறை. பத்து நிமிடக் கூடுதல் வேலை, செய்யவில்லை.

பின்பக்கம் இவ்வளவு மோசமில்லை. காயில் ஸ்பேசர் வைத்துப் பழைய ஷாக்கையே விட்டதால், சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு உள்ளே ‘டொக்’ என்று இடிக்கும், ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. ஆக்ஸிலைக் குறுக்கே பிடிக்கிற ராட் சாய்வு கூடியதால் பின் ஆக்ஸில் ஒரு பக்கமாக 6 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அப்புறம் ஹெட்லைட், எதிரில் வருகிற எல்லாரும் டிப் அடித்தார்கள், இறக்கி வைத்த பிறகுதான் நின்றது.

நல்லதும் சொல்ல வேண்டும். பாடி நிஜமாகவே உயர்ந்தது, பள்ளத்தில் இறங்கும்போது முன் பம்பர் இடிப்பது நின்றது, அந்த ஒரு விஷயத்தில் சொன்னது சொன்ன மாதிரி. வட்டைகளும் தரமான அலுமினியம், துரு இல்லை, வளைவு இல்லை. கிட்டுக்கு 5க்கு 2 கொடுக்கிறேன். மாட்டின கடைக்கு 1.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை நான் மாட்டின பிறகுதான் படித்தேன். ஆக்ஸிடென்ட் ஆகி இன்ஷூரன்ஸ்காரர் அடியில் குனிந்து பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் இருந்தது.

அப்படியும் தூக்கித்தான் ஆக வேண்டும் என்கிற தேவை இருந்தால், தனியார் நிலத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு, வட்டையோடு நிறுத்தாதீர்கள். நீளம் சரியான ஷாக், காஸ்டரைத் திருத்துகிற அப்பர் ஆர்ம், முன் டிஃபரென்ஷியலைக் கொஞ்சம் இறக்குகிற பிராக்கெட், நீளமான பிரேக் ஹோஸ், இவ்வளவும் சேர்ந்ததுதான் முழு வேலை. விலை பல மடங்கு ஆகும்தான். நான் 26,000-க்கு மாட்டி, ஷாஃப்ட், டயர், ஷாக், புஷ் என்று 83,000 செலவழித்தேன்.

இப்போது வட்டைகளைக் கழற்றி, டிஃபரென்ஷியலுக்கும் இன்ஜினுக்கும் அடியில் நல்ல கனமான இரும்புப் பிளேட் போட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை 40 வளைவும் ஏறினேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஏறினேன், முன்னால் ஒரு சத்தமும் இல்லை. வலதுபக்க அப்பர் ஆர்ம் புஷ் மட்டும் இன்னும் பாக்கி, வியாழக்கிழமை வருகிறது. வண்டியைத் தரையில் நிறுத்தித்தான் முறுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லப் போனேன், “அது தெரியாமயாங்க தம்பி” என்று விட்டார்.