பழைய லென்ஸைக் கழற்றிப் பூட்டக் கொடுத்தேன், 3,800 ரூபாய் போச்சு

இன்று காலை மொட்டை மாடியில் நின்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பழைய கேமரா, லென்ஸ் சர்வீஸ் என்று ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற கடை, அவ்வளவு போதும்.

லென்ஸ் ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப் 2. பெரியப்பாவின் ஜெனிட்-ஈ என்ற பழைய ரஷ்ய ஃபிலிம் கேமராவோடு வந்தது. பின்னணியில் இருக்கும் இலையும் வெளிச்சமும் சுழன்றுகொண்டு நிற்கும் என்பதற்காகவே இன்றைக்கு இதைத் தேடி அலைகிறார்கள். கண்ணாடியில் பூஞ்சை கிடையாது, கீறல் கிடையாது. ஒரே குறை, உள்ளே கிரீஸ் காய்ந்துபோய் ஃபோகஸ் வளையம் திருகைக்கல் மாதிரி சுற்றியது.

கடைக்காரர் லென்ஸை வாங்கி டேபிள் விளக்குக்கு நேரே பிடித்தார். வளையத்தில் இருந்த பட்டக முத்திரையை நகத்தால் தொட்டு, "இது கிராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரி தம்பி, மாஸ்கோ பக்கத்துல. நம்பர் 79ல ஆரம்பிக்குது பாருங்க, 1979 சரக்கு. ஜெர்மன்காரன் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செஞ்சது" என்றார். அத்தனையும் சரி. உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அபர்ச்சர் பிளேடு எட்டையும் எண்ணிக் காட்டினார். "இன்ஃபினிட்டி செட் பண்ண நம்மகிட்ட கோலிமேட்டரே இருக்கு" என்று, மூலையில் பூப்போட்ட துணியால் மூடியிருந்த ஏதோ ஒன்றைக் கை காட்டினார். இன்ஃபினிட்டி என்றால் வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸ், அதைச் சரியாக வைக்க உதவுகிற கருவிதான் கோலிமேட்டர். துணியை விலக்கிக் காட்டுங்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அங்கேதான் விழுந்தேன். பாதி அட்வான்ஸ் தரட்டுமா அண்ணே என்றதற்கு, "முழுசாப் போட்டுடுங்க, நாலு நாள்ல கைல தர்றேன்" என்றார். 3,800 ரூபாயையும் போனிலேயே அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. இவ்வளவு விஷயம் தெரிந்த மனிதரிடம் ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். கூச்சம்!

நாலு நாள் இருபத்திரண்டு நாள் ஆனது. கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தால் வளையம் வழுக்கிக்கொண்டு போகிறது. சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து முற்றத்து மல்லிகையைக் கிட்டே போய் எடுத்தேன், அருமை. மாடிக்குப் போய்த் தெருமுனை செல்போன் டவரை எடுத்தேன். சோப்புத் தண்ணீர் வழியாகப் பார்த்த மாதிரி வந்தது. இன்ஃபினிட்டி குறியில் வைத்தாலும் அப்படித்தான். மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெளிவில்லை.

என்ன நடந்திருக்கும் என்பதை அப்புறம் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் சொன்னார். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஃபோகஸ் மரைக்கு நுழைவாய் ஒன்றல்ல, பல. ஒன்றைவிட்டு அடுத்ததில் பூட்டினாலும் அது பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். பிரியும்போது எந்த இடத்தில் பிரிந்தது என்று குறி போட்டு வைத்து, அதே இடத்தில் ஏற்றினால்தான் லென்ஸ் பழைய ஆழத்துக்கு உட்காரும். இல்லாவிட்டால் முன்னாலேயே நின்றுவிடும். 58 மி.மீ. லென்ஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றால் போதும், ஃபோகஸ் மூன்றரை மீட்டரோடு முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், என் லென்ஸின் நிலைமை அப்படியே வரும். வளையத்தைக் கடைசியாகச் சரிசெய்து இறுக்குகிற சின்ன ஸ்க்ரூ மூன்று இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது, அதிலும் ஒன்றின் வாய் சிதைந்து கிடக்கிறது. பிளேடுகளில் எண்ணெய் மினுக்கம் வேறு.

போன் செய்தேன். "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." இரண்டு நாள் கழித்து, "ரஷ்யன் லென்ஸ் எல்லாமே அப்படித்தான் தம்பி, சாஃப்டாத்தான் வரும்." பெரியப்பா எடுத்த கோபுரப் படங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன, அதெல்லாம் வேறு லென்ஸா? அடுத்த தடவை, "உங்க அடாப்டர் சரியில்ல." பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட நடுவில் போடுகிற வளையம்தான் அடாப்டர். மலிவு அடாப்டர் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும், அதனால் ஃபோகஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போகுமே தவிர எட்டாமல் நிற்காது. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்றுதான் இன்று காலை அடாப்டரே இல்லாமல் ஜெனிட் பாடியிலேயே மாட்டி டவரைப் பார்த்தேன். வியூஃபைண்டரில் அதே சோப்புத் தண்ணீர். வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நேற்றும் நேரில் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் இன்னொரு கஸ்டமரிடம் திரும்பிக்கொண்டார். "ஆன்டிக் ஐட்டத்துக்கு வாரன்டி கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேனே" என்று கடைப்பையன் சொன்னான். அன்றைக்கு அவன் கடையிலேயே இல்லை. ஃபேன் காற்றில் அந்தப் பூப்போட்ட துணி ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்தது இருட்டறையில் போட்டோ பெரிதாக்குகிற பழைய என்லார்ஜர். 3,800 ரூபாயைக் கொடுத்து அதைத்தான் கோலிமேட்டர் என்று நம்பியிருக்கிறேன்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் அதே லென்ஸில் தூரத்துப் படம் ஒன்று எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பூவை எடுத்துப் பார்த்து ஏமாறாமல், கடை வாசலில் நின்று தூரத்துக் கட்டடத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூக்களை எண்ணுங்கள். மிஷின் இருக்கிறது என்றால் துணியைத் தூக்கிப் பாருங்கள்.

பில் வாங்குங்கள். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடும்போது கையில் ஆதாரம் இருக்கும். என்னிடம் இருப்பது 3,800 ரூபாய் போனதற்கான ஒரு ஸ்கிரீன்ஷாட்தான், அதிலும் "எதற்காக" என்ற இடத்தில் நான் போட்டிருப்பது ஒரு கைகூப்பும் எமோஜி.