கப்பலில் களி கிண்ட முடியாது

ஸ்பெயினின் பார்சிலோனா துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் ஏறும் முன், எக்ஸ்ரே மெஷினுக்குள் போன எங்கள் பெட்டிகளில் ஒன்றை மட்டும் தனியே இழுத்து வைத்தார்கள். திறக்கச் சொன்னார்கள். உள்ளே அத்தையின் சின்ன கரண்ட் குக்கர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூன்று கிலோ ராகி மாவு. மாவை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். குக்கருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் சீட்டு கட்டி, கடைசி நாள் இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ், அடுப்பு என்று சூடாகிற சாமான் எதையும் கேபினில் வைக்க விடுவதில்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? நியாயம்தான். ஆனால் எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜெண்ட் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாமல் விட்டது இன்னும் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தருமபுரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறோம். நான், வீட்டுக்காரர், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், எழுபத்தொரு வயது அத்தை. கடையை அடிக்கடி பூட்டினால் வாடிக்கை போய்விடும், அதனால் வருடத்தில் ஒரு பயணம்தான். ஐரோப்பா பஸ் டூர் விசாரித்தோம். தினம் ஒரு ஹோட்டல், காலை ஆறு மணிக்குப் பெட்டி கட்டி வாசலில் வைக்கணும் என்றார்கள். அத்தையின் முட்டி அதற்குத் தாங்காது. கப்பல் என்றால் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், ரூமே ஊர் ஊராகப் போகும். அந்த ஒரு காரணத்துக்காக எடுத்தோம். அந்த ஒரு காரணத்துக்கு அது முழு மார்க் வாங்கியது.

2024 காலாண்டு லீவு. பார்சிலோனாவில் ஏறி ஸ்பெயினின் பால்மா, பிரான்ஸின் மார்செய், இத்தாலியில் லா ஸ்பெசியா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், ஒரு முழு நாள் கடல், மறுபடி பார்சிலோனா. ஏழு ராத்திரி. ஏஜெண்ட் தந்த தாளில் லா ஸ்பெசியா என்ற பேரே இல்லை, ‘ஃப்ளாரன்ஸ், பைசா’ என்று இருந்தது. சிவிட்டாவெக்கியாவும் இல்லை, ‘ரோம்’ என்று இருந்தது. ரோம் ஊருக்குள் கப்பல் வந்து நிற்காது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். லா ஸ்பெசியாவிலிருந்து பைசாவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம், ஃப்ளாரன்ஸ் அதைவிட ரெட்டிப்பு. ஒகேனக்கல் என்று போர்டு போட்டுவிட்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிற கதை. ஊர்ப் பேரை விட்டுவிட்டு, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பேரைக் கேளுங்கள்.

விசா. எத்தனை நாடு இறங்கினாலும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றுதான், அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்கணும். ஏறுவதற்கு முந்தின நாளும் இறங்கிய நாளும் பார்சிலோனாவில் தங்கியதால் எங்களுக்கு ஸ்பெயின். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் 45, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்துக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்னாலேயே போடலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத இன்சூரன்ஸ் கேட்பார்கள். அத்தைக்கு பிரஷர் இருப்பதைச் சொல்லியே பாலிசி எடுத்தேன், மறைத்தால் கிளெய்ம் நிற்காது. அப்புறம், கிரீஸ் பக்கம் போகும் கப்பல்கள் பல நடுவில் துருக்கியைத் தொடும். துருக்கி ஷெங்கனில் இல்லை, அங்கே இறங்க என்ன விசா வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளணும், ஷெங்கனும் திரும்ப நுழைய விடுகிற மல்டிபிள் என்ட்ரியாக இருக்கணும். முதல் தடவைக்கு மேற்குப் பக்கமே தலைவலி குறைவு.

பெங்களூரிலிருந்து துபாய் வழியாகப் போனோம். கப்பல் கிளம்பும் அன்றே விமானம் வந்து சேர்கிற மாதிரி மட்டும் போட்டுவிடாதீர்கள். விமானம் லேட் ஆனால் கப்பல் காத்திருக்காது.

ஏறின உடனே செய்யவேண்டியது அபாய ஒத்திகை. மணி அடித்தால் எந்த இடத்தில் கூடணும், லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடணும் என்று காட்டினார்கள். என் வீட்டுக்காரர் 2012 ஜனவரியில் இத்தாலி பக்கம் பாறையில் மோதிக் கவிழ்ந்த கோஸ்டா கன்கோர்டியா கப்பலைப் பற்றி யூடியூபில் பார்த்துப் பார்த்தே பயந்து போயிருந்தார். 32 பேர் செத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. அதற்கப்புறம்தான் கிளம்பும் முன்னாலோ கிளம்பிய கையோடோ ஒத்திகை நடத்தியே ஆகணும் என்று சட்டத்தை மாற்றினார்கள். அத்தை பென்னாகரத்துக்காரி, சின்ன வயதில் பரிசலில் ஆற்றைக் கடந்து பழக்கம். “ஏம்மா, பரிசல் ஓட்டுறவன் மூஞ்சி நம்ம கண்ணு முன்னாடி இருக்கும். இதை ஓட்டுறவன் எங்க இருக்கான்?” என்று கேட்டார். ஏழு நாளும் அந்த ஆளைப் பார்க்க முடியவில்லை என்பது அவருடைய முதல் குறை.

கேபின் இரண்டு எடுத்தோம். பால்கனி உள்ளது அத்தைக்கும் பிள்ளைகளுக்கும், ஜன்னலே இல்லாத உள் கேபின் எங்களுக்கு. உள் கேபின் விலை குறைவு, தூங்க மட்டும் போதும் என்று சொல்வார்கள். விளக்கை அணைத்தால் காலை பத்தா ராத்திரி இரண்டா தெரியாது. முதல் நாள் காலைப் பலகாரத்தையே விட்டுவிட்டோம். கேபின் எடுக்கும்போது இடம் முக்கியம்: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். முன்னாலும் பின்னாலும் உயரத்திலும் ஆட்டம் அதிகம்.

அந்த ஆட்டத்தை பால்மாவிலிருந்து மார்செய் போகும் ராத்திரி பார்த்தோம். பிரான்ஸின் தெற்கே லயன் வளைகுடாவில் மிஸ்ட்ரால் என்று ஒரு காற்று, வடக்கேயிருந்து இறங்கி அடிக்கும். டம்ளர் மேஜையில் நகர்ந்தது. மகனுக்கு வாந்தி. நான் கடையிலிருந்து வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை கொண்டுபோயிருந்தேன், ஆனால் குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்தேன். பதினெட்டு வருடமாகக் கவுண்டரில் நின்று ‘ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்குங்க’ என்று ஊருக்கே சொல்கிறவள்! பையன் விடியும்வரை என் மடியில்தான். மார்செய்யில் இறங்கவேயில்லை.

மருந்து என்றதும் இன்னொன்று. கப்பல் ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். பிரஷர், சுகர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

சாப்பாடு. நாங்கள் போனது புரட்டாசி. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. வெளியே கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு. ஐரோப்பாவுக்குள் நெய், பால் இனிப்பு, இறைச்சி எதுவும் நம் ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குக்கூட நம் நாட்டு விவசாய அதிகாரி சான்றிதழ் கேட்பார்கள். அதனால் கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, ராகி மாவு. பஃபேயில் முதல் நாள் பத்து வகை ரொட்டி, பத்து வகை பழம், இருபது வகை சீஸ். அத்தை தட்டில் இரண்டு வாழைப்பழம். ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாற வந்த பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “பாட்டி, எந்த ஊரு?” என்றார். நாகர்கோவில் பக்கம். மறுநாளிலிருந்து சப்பாத்தி, பருப்பு, தயிர், சோறு. முந்தின நாளே சொல்லிவைத்தால் சமையல்காரர்கள் செய்து தருகிறார்களாம், டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தப் பையனுக்காகவே இந்த விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் கூடுதல்.

ஒரு விஷயம் சைவக்காரர்களுக்கு. பாஸ்தா மேல் துருவித் தூவுகிறார்களே, அசல் பார்மெசான், அதைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இதை அத்தையிடம் சொன்னது என் தப்பு. அப்புறம் சீஸ் துருவியோடு யார் வந்தாலும் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

ரோமுக்கு நானும் வீட்டுக்காரரும் மகளும் மட்டும் போனோம். கப்பல்காரர்கள் நடத்தும் டூர் ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல், நாங்கள் ரயிலில் போனோம். சான் பியேத்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் வாட்டிகன் நடக்கிற தூரம். அங்கே செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்குள் போக டிக்கெட் கிடையாது, ஆனால் வரிசை சதுக்கத்தைச் சுற்றி நின்றது. கப்பல் டூரில் போனால் பஸ் லேட்டானாலும் கப்பல் நிற்கும், சொந்தமாகப் போனால் நிற்காது. அந்தப் பயத்தில் மணியைப் பார்த்துப் பார்த்தே நாங்கள் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். ரோமுக்குப் போய் கொலோசியம் பார்க்காத குடும்பம் என்று நாத்தனார் இன்னும் சிரிக்கிறாள்.

நேப்பிள்ஸ் அப்படியில்லை. கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. இறங்கினால் எதிரே கோட்டை, பின்னால் வெசுவியஸ் எரிமலை. கி.பி. 79-ஆம் ஆண்டு பாம்பேய் என்ற பழைய ரோமானிய ஊரை மூடின மலை அதுதான் என்று மகள் வரலாற்று டீச்சர் மாதிரி சொன்னாள். பாம்பேய்க்கு ரயில் இருக்கிறது, நாங்கள் போகவில்லை. ஐந்து பேரும் ஒன்றாக நடந்து ஒரு தெருக்கடையில் மரினாரா பீட்சா சாப்பிட்டோம். சீஸே இல்லை, தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும். “இது நம்ம தக்காளித் தொக்கு தடவின அடைதானே” என்று அத்தை ஒரு முழு பீட்சாவைச் சாப்பிட்டார். பயணத்திலேயே நல்ல நாள் அது.

கணக்கு. இரண்டு கேபின் 3,60,000, விமானம் ஐந்து பேருக்கு 3,40,000. இந்த ஏழு லட்சத்துக்கு ஏஜெண்ட் அப்போதைய 5% டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்று 35,000 சேர்த்து வாங்கினார். அது போன பணமில்லை, வருமான வரி ரிட்டர்னில் காட்டினால் கட்டவேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்பி வரும், எங்களுக்கு வந்தது. விசா, இன்சூரன்ஸ் 60,000. பார்சிலோனா தங்கல் 40,000. ஊர்களில் செலவு 60,000. ‘எல்லாம் அடங்கும்’ என்று அவர் சொன்னதில் அடங்காதது: தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ், கடைசி பில்லில் கிட்டத்தட்ட 35,000. மேஜைக்கு வரும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் காசு. வீட்டுக்காரர் போனை ஏரோபிளேன் மோடில் போட மறந்ததால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் பிடித்து 6,000 ரூபாய். நாங்கள் போட்ட ரோமிங் பேக் கடலில் செல்லாது என்பது பில் வந்தபிறகு தெரிந்தது.

கப்பலுக்கு ஐந்துக்கு நாலு. ஏஜெண்டுக்கு ஒன்று, அதுவும் விசா பேப்பர்களை ஒழுங்காக அடுக்கியதற்காக.

இறங்கின அன்று பார்சிலோனாவில் சமையலறை உள்ள வீடு ஒன்றை எடுத்திருந்தோம். அத்தை பையைக்கூட வைக்காமல் அடுப்பைத் தேடினார். மரக்கரண்டியால் களி கிண்டினார், பக்கத்துக் கடையில் வாங்கின வறுத்த நிலக்கடலையில் சட்னி. ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குக்கர் சீட்டோடு பெட்டிக்குள்ளேயே இருந்தது.