நன்றாக ஓடும் ஃபோர்க்கைப் பிரிக்கலாமா? லோயர் சர்வீஸ் பற்றி என் கருத்து

ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும், உள்ளே காற்றடைத்த பாகம்) நன்றாகத்தானே வேலை செய்கிறது, எண்ணெய் ஒழுகவில்லை, ஆட்டமில்லை, காற்றும் இறங்கவில்லை, பிறகு எதற்கு அதைப் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மவுண்டன் பைக்கின் ஃபோர்க்கும் இதே நிலையில்தான் இருந்தது. அப்போதே லோயர் சர்வீஸ், அதாவது ஃபோர்க்கின் கீழ்க்கால்களான லோயரைக் கழற்றிச் சுத்தம் செய்து சீலும் எண்ணெயும் மாற்றும் வேலையைச் செய்து, வழக்கமான பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் முடிவு இதுதான்: லோயர் சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள், ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பர் வரை திறக்கும் முழு சர்வீஸுக்கு அவசரமில்லை.

ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் தயாரிப்பு நிறுவனம் தன் பல மாடல்களுக்கு லோயர் சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும், டாம்பர் உட்பட்ட முழு சர்வீஸை 200 மணி நேரத்துக்கு ஒருமுறையும் செய்யச் சொல்கிறது. இன்னொரு நிறுவனமான ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்குச் சொல்வது 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினாலே மூன்று மாதத்தில் 50 மணி நேரம் முடிந்துவிடும். உதிரி பாகம் விற்பதற்காகச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுபவர்கள் நிறைய பேர். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

மேலே பளபளப்பாகத் தெரிகிற ஸ்டான்ஷன் குழாய்கள் லோயருக்குள் இருக்கும் வளையங்களான புஷிங்குகளின் மேல் வழுக்கி இறங்குகின்றன. தூசியைத் தடுக்க வாயில் ஒரு சீல், அதற்குக் கீழே எண்ணெயில் ஊறிய ஃபோம் ரிங். இத்தனைக்கும் அங்கே இருக்கும் எண்ணெய், பல மாடல்களில் ஒரு காலுக்கு 10, 20 மி.லி. மட்டும்தான். ஃபோர்க் ஒவ்வொரு முறை அமுங்கி எழும்போதும் மெல்லிய படலமாகக் கொஞ்சம் வெளியே போகும், நுண்ணிய தூசி கொஞ்சம் உள்ளே வரும். ஃபோம் காய்ந்துபோனால் அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி ஸ்டான்ஷனைத் தேய்க்க ஆரம்பிக்கும். அதன் மேலிருக்கும் அனோடைஸ் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். கிரவுன் (இரண்டு ஸ்டான்ஷனையும் மேலே இணைப்பது), ஸ்டீரர் (ஹேண்டில்பாரோடு சேரும் குழாய்), ஸ்டான்ஷன் எல்லாம் அழுத்திச் சேர்த்த ஒரே பாகம் என்பதால் மொத்தமாகவே மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் புது ஃபோர்க்கே வாங்கிவிடலாமே என்று யோசிக்க வைக்கும் செலவு.

இவ்வளவு நடந்தும் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. சின்னக் கற்களில் கை அதிரும்போது டயர் காற்றைக் குறைப்போம், அப்புறம் ஃபோர்க்கிலும் கொஞ்சம் காற்றைக் குறைப்போம், அதோடு பழகிவிடுவோம்.

என் ஃபோர்க்கின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி லோயரை இழுத்தபோது ஒரு பக்கத்திலிருந்து சாம்பல் கறுப்பில் எண்ணெய் சொட்டியது, வெளிச்சத்தில் பிடித்தால் அதற்குள் வெள்ளி மினுமினுப்பு. இன்னொரு பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. ஃபோம் ரிங்கை விரலால் பிழிந்தால் எண்ணெய்க்குப் பதிலாகச் சேறு. வெளியே ஒரு அறிகுறியும் காட்டாத ஃபோர்க் இது! நல்லவேளை, ஸ்டான்ஷனில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இல்லை.

சுத்தம் செய்து, புது சீல், ஃபோம், எண்ணெய் போட்டு மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை லேசாக அழுத்தினாலே ஃபோர்க் இறங்க ஆரம்பித்தது, முன்பு இருந்த அந்த முதல் பிடிப்பு இல்லை. அதே காற்றழுத்தத்தில் சாக் (ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் இறங்கும் அளவு) கூடிவிட்டதால் சில பிஎஸ்ஐ ஏற்ற வேண்டி வந்தது. வேர்கள் நிறைந்த இறக்கத்தில் முன்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டே போனதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டிலேயே செய்யலாம், கஷ்டமில்லை. ஆனால் முதலில் ஷாக் பம்ப்பை மாட்டும் வால்வு வழியாகக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள், அது இல்லாமல் போல்ட்டைத் தொடவே கூடாது. போல்ட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் விடுபடும். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது லோயரின் விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் மெக்னீசியம் என்பதால் எளிதில் கீறிவிடும். எண்ணெயின் வகையும் அளவும் உங்கள் மாடலின் கையேட்டில் இருப்பதுதான், கையில் கிடைத்ததை ஊற்ற வேண்டாம். கடையில் கொடுப்பதென்றால் லோயர் சர்வீஸ் மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் விசாரித்த ஒரு இடத்தில் முழு சர்வீஸ்தான் செய்வோம் என்று பிடிவாதமாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

டாம்பர் வேறு கதை. அது மூடிய அறை, நல்ல நிலையில் இருக்கும்வரை தூசி அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. ரீபவுண்ட் குமிழைத் திருப்பியும், அமுங்கிய ஃபோர்க் எழும் வேகம் மாறவில்லை, அமுக்கினால் புதிதாகக் களக் களக் என்று சத்தம் வருகிறது, எண்ணெய் கசிகிறது என்றால் உடனே கொடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் 200 மணி நேரம் ஆன அன்றே ஓட வேண்டியதில்லை, ஓட்டும் பருவம் முடிந்த பிறகு நிதானமாகக் கொடுக்கலாம். 50 மணி நேரமும் கல்லில் எழுதியதல்ல. சேற்றிலும் மழையிலும் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே திறக்கலாம், வறண்ட, எளிதான பாதை என்றால் கொஞ்சம் நீட்டிக்கலாம். முதல்முறை திறக்கும்போது வரும் எண்ணெயின் நிறத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த இடைவெளியை முடிவு செய்யுங்கள். எனக்கு வந்த நிறத்தைப் பார்த்த பிறகு, நான் 50-ஐத் தாண்டுவதில்லை.